முப்பது வயதில் தாடையில் பரு ஏன்?

காலேஜ் முடிந்தால் பருவும் போய்விடும் என்பார்கள். பல பெண்களுக்கு அது 25 வயதைத் தாண்டியும் தொடர்கிறது. சிலருக்கு அதற்கப்புறம்தான் முதன்முதலாக வருகிறது. பெரும்பாலும் மோவாயிலும் தாடை ஓரத்திலும், தொட்டால் வலிக்கும் கட்டியாக. மாதவிடாய் நெருங்கும்போது கூடும்.

முகம் சரியாகக் கழுவாததால் வருவதில்லை இது. ஒவ்வொரு முடிக்குழியையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பெண் உடலிலும் கொஞ்சம் சுரக்கும் ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்கள்தான் அதைத் தூண்டுகின்றன. பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். சுரப்பிதான் அதற்குக் கூடுதலாகத் துள்ளுகிறது. எண்ணெய் பெருகும்போது, உதிர வேண்டிய தோல் செல்களும் ஒட்டிக்கொண்டு குழியின் வாயை அடைக்கின்றன. உள்ளே பாக்டீரியா பெருக, உடல் எதிர்க்க, சிவந்து வீங்குகிறது.

அந்த அடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் அடைப்பு வராமல் தடுக்கும் அடாபலீன் போன்ற க்ரீமைப் பரு மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் பயனில்லை. இரவில், ஈரம் காய்ந்த முகத்தில், பட்டாணி அளவு எடுத்துப் பரு வரும் பகுதி முழுக்க மெலிதாகப் பூச வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், எரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பலர் மூன்றாவது வாரமே டியூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

க்ரீமுக்கு அடங்காவிட்டால் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துதான்; எண்ணெய்ச் சுரப்பியில் ஆண்ட்ரோஜனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. கர்ப்பகாலத்தில் இதுவும் அடாபலீனும் வேண்டாம். கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கூடவே கூடாது, கருவுக்குக் கடுமையான ஊனம் வரலாம். அசெலாயிக் அமில க்ரீம் போடலாம். மாதவிடாய் தள்ளிப்போய், மோவாயில் முடியும் வளர்ந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துத் தரும் 'வெள்ளையாக்கும்' க்ரீம்கள் மேல்தான். ஓரிரு நாளில் சிவப்பு அடங்கும், முகம் பளபளக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், தோலும் மெலிந்துபோகும். அட்டையில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பருவுக்கு வேண்டாம்.