1937இல் அமெரிக்கா உடைந்த விடைத்தாள்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல். பொருளாதாரப் பெருமந்தத்தின் விளைவுகளை எழுதச் சொல்லி ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி. ஒரு மாணவன் 1929 அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவில் தொடங்கி, வங்கிகள் மூடியது, வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்து, கடைசிப் பத்தியில் இப்படி முடித்திருந்தான்: "இதனால் 1937இல் அமெரிக்காவில் இரண்டாம் உள்நாட்டுப் போர் மூண்டது. தொழிற்சங்கங்கள் ஒரு பக்கமும் ஜெனரல் மக்ஆர்தர் இன்னொரு பக்கமும் நின்றனர்."

கையெழுத்தில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது எந்த புக்குல இருக்கு?"

"புக்குல இல்ல டீச்சர். கைசர்ரைக்ல இருக்கு. நெஜமாவே நடந்ததுன்னு நெனச்சிட்டேன்."

கைசர்ரைக் என்பது ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ என்ற போர் வியூக கேமின் மேல் ரசிகர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் மோட், அதாவது மாற்றியமைத்த வடிவம். சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2016 ஜூன் 6 அன்று, அதாவது 1944இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கிய அதே தேதியில், மூல கேமை வெளியிட்டது. அதில் 1936இல் தொடங்கி ஏதாவது ஒரு நாட்டின் தலைமையில் இரண்டாம் உலகப்போரை நடத்தலாம். மோடில் உலகமே வேறு. முதல் உலகப்போரில் ஜெர்மனி ஜெயித்துவிட்டது. பிரான்சிலும் பிரிட்டனிலும் தொழிலாளர் புரட்சி. பிரிட்டிஷ் அரச குடும்பம் கனடாவில் அடைக்கலம். இந்தியாவோ மூன்று துண்டு: டெல்லியில் பிரிட்டிஷ் சார்பு அரசு, வங்காளத்தில் புரட்சி அரசு, தெற்கே சமஸ்தானங்களின் கூட்டாட்சி.

கடைசிப் பத்திக்கு மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்தேன். ஆனால் அவன் எழுதியதை மறக்க முடியவில்லை. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். பெருமந்தத்திலிருந்து அரசியல் கொந்தளிப்புக்கு ஒரு பிள்ளை தானாகவே காரண காரியத்தோடு கோடு போட்டதை அன்றுதான் பார்த்தேன். கோடு போன இடம் தவறு. கோடு போடும் பழக்கத்தை அந்த கேம்தான் அவனுக்குக் கொடுத்திருந்தது.

அதற்குப் பிறகு அக்கா மகனின் லேப்டாப்பில் இப்படி மாற்று வரலாறு பேசும் கேம்களை விடுமுறை நாட்களில் ஆடிப் பார்க்க ஆரம்பித்தேன். பெற்றோர் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு சாரார் "எல்லா கேமும் சண்டைதான்" என்று ஒரேயடியாகத் தடுக்கிறார்கள். இன்னொரு சாரார் "ஹிஸ்டரி கேம்தானே, நல்லதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் துணைக்கு ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாற்று வரலாறு என்றால் கண்டபடி கற்பனை செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். நடந்த வரலாற்றில் ஒரே ஒரு முடிச்சை மாற்றிப் போட வேண்டும். அதன்பின் வருவதெல்லாம் அந்த முடிச்சிலிருந்தே வர வேண்டும். கைசர்ரைக்கின் முடிச்சு நீர்மூழ்கிக் கப்பல். நிஜத்தில் ஜெர்மனி 1917 பிப்ரவரி 1 முதல் எந்தக் கப்பலானாலும் எச்சரிக்கையின்றித் தாக்குவது என்று முடிவெடுத்தது. ஏப்ரல் 6இல் அமெரிக்கா போரில் இறங்கியது. மோடின் கதையில் ஜெர்மனி அந்த முடிவை எடுக்கவில்லை, அமெரிக்காவும் வரவில்லை. வழக்கமாக, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டதோடு நம் பிள்ளைகளுக்கு முதல் உலகப்போர் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த ஒரு முடிச்சைச் சொன்னதும் வகுப்பில் பத்துக் கைகள் உயர்ந்தன. அமெரிக்கா ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்று அதற்குமுன் யாரும் என்னைக் கேட்டதில்லை.

1996இல் வெளிவந்த ‘ரெட் அலர்ட்’ கேமின் முடிச்சு இன்னும் எளிமையானது. ஐன்ஸ்டைன் காலப்பயணம் செய்து 1924க்குப் போய், சிறையிலிருந்து வெளியே வரும் ஹிட்லரை வரலாற்றிலிருந்தே அகற்றிவிடுகிறார். பிறகு ஸ்டாலினின் படை ஐரோப்பாவுக்குள் புகுகிறது. கதை அவ்வளவு ஆழமில்லை. ஆனால் ஒரு மனிதனை எடுத்துவிட்டால் போர் நின்றுவிடுமா என்ற கேள்வியை வைத்து ஒரு முழுப் பாடவேளை நடத்தலாம், நடத்தியும் இருக்கிறேன்.

‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ்’ 2019இல் வந்த ஆர்பிஜி, அதாவது கதாபாத்திரமாகவே மாறி ஆடும் கேம். கதை நடப்பது எதிர்கால விண்வெளிக் குடியிருப்பில், முடிச்சோ 1901இல். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். துணை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்து பெருநிறுவனங்களின் ஏகபோகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். கேமின் உலகில் மெக்கின்லி கொல்லப்படவில்லை. ஏகபோகங்களை யாரும் உடைக்கவில்லை. விளைவு, முதல் ஊரிலேயே தெரிகிறது: அங்கே தொழிலாளி தன் கல்லறைக்கும் கம்பெனிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கதை வளம் என்றால் எனக்கு இதுதான். ஒரு தோட்டா பாயாததன் விளைவை நூற்றாண்டுகள் கழித்து ஒரு கல்லறை ரசீதில் காட்டிவிடுகிறார்கள்.

இனி, பெற்றோர்களும் சக ஆசிரியர்களும் நின்று கவனிக்க வேண்டிய இடம்.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 அறிவுக்கு வேலை கொடுக்கும் கேம்தான். எஃகு எங்கிருந்து வருகிறது, எண்ணெய் இல்லாமல் டாங்கி எப்படி நகரும், கப்பல் கட்ட எத்தனை மாதம் ஆகும் என்று போரின் பொருளாதாரத்தைப் பாடப்புத்தகத்தைவிட நன்றாகப் புரியவைக்கிறது. ஆனால் அதில் யூத இனப்படுகொலை கிடையாது. வதைமுகாம் கிடையாது. இனப்படுகொலையை விளையாட்டுப் பொருளாக்க விரும்பாமல் தயாரிப்பாளர்கள் அதை விட்டுவிட்டார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 60 லட்சம் யூதர்களின் கொலை இல்லாத ஒரு ஜெர்மனியை மாதக்கணக்கில் ஆடும் பிள்ளையின் மனதில், அது நல்ல தொழிற்சாலைகளும் நல்ல தளபதிகளும் கொண்ட இன்னொரு நாடாகத் தங்கிவிடுகிறது.

பதினோராம் வகுப்பில் ஒருவன் என்னிடம் மொபைலில் ஒரு மீம் காட்டினான். ரஷ்யாமீது மட்டும் படையெடுக்காமல் இருந்திருந்தால் ஹிட்லர் ஜெயித்திருப்பார் என்கிற ரீதியில், அவர்மேல் பரிதாபம் தொனிக்க. நான் கோபப்படவில்லை. உட்காரவைத்துப் பேசினேன். 1941 ஜூன் 22இல் தொடங்கிய அந்தப் படையெடுப்பு ஒரு கணக்குப் பிழை என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிழக்கே நிலம் பிடிக்க வேண்டும், அங்கே இருக்கிற மக்களை ஒழித்து ஜெர்மானியரைக் குடியேற்ற வேண்டும் என்பதுதான் நாஜிக் கொள்கையே. அதை எடுத்துவிட்டால் அங்கே நாஜியும் இல்லை. சோவியத் தரப்பில் மட்டும் சுமார் 2.7 கோடிப் பேர் இறந்த போர் அது. இந்த எண்ணைச் சொன்னபோது அவன் முகம் மாறியது. கேமில் அந்த எண் படைவீரர் கணக்காக ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரில் ‘வால்கிரியா குரோனிக்கிள்ஸ்’ என்ற கேமை வைப்பேன். ஜப்பானின் சேகா நிறுவனம் 2008இல் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்டது, 2014இல் கணினிக்கும் வந்தது. வியூகமும் ஆர்பிஜியும் கலந்தது. ஐரோப்பாவைப் போலவே வரைந்த ஒரு கண்டம், ஆண்டு 1935. இரு பெரும் வல்லரசுகளுக்கு நடுவே காலியா என்ற சின்னஞ்சிறு நாடு. வாட்டர்கலர் ஓவியம்போல் இருப்பதால் குழந்தைகள் கேம் என்று தோன்றும். நாடுகளின் பெயர்கள் எல்லாமே கற்பனை, ஆகவே கறாராகச் சொன்னால் இதை மாற்று வரலாற்றின் பக்கத்து வீடு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நிஜப் பெயர்களோடு வரும் பல கேம்கள் தொடாத இடத்தை இது தொடுகிறது. டார்க்சன் என்ற சிறுபான்மை இனத்தின்மீது பழங்காலப் பேரழிவு ஒன்றின் பழியைச் சுமத்தி, தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். எதிரி மட்டும் அதைச் செய்வதில்லை, நம் படையில் இருக்கிற சிப்பாய்களே முகம் சுளிக்கிறார்கள். கதையின் நடுவே அந்த மக்களை அடைத்து வேலை வாங்கும் முகாமுக்கு நம் படை போய்ச் சேர்கிறது. அந்தக் கட்டத்தை ஆடி முடித்த மாணவி ஒருத்தி, நான் சொல்லாமலே நூலகத்தில் உலகப்போர் புத்தகம் கேட்டு வந்தாள்.

அந்த கேமின் ஆட்ட விதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குண்டடிபட்டு விழுந்த சிப்பாயிடம் மூன்று சுற்றுக்குள் நம் ஆள் போய்ச் சேர்ந்து மருத்துவ உதவியை அழைக்காவிட்டால், அல்லது எதிரி முந்திக்கொண்டால், அவர் திரும்பி வரவே மாட்டார். ஒவ்வொருவருக்கும் பெயரும் குணமும் உண்டு. மேடையில் வசனம் பேசித்தான் கதை சொல்ல வேண்டும் என்பதில்லை. விதியே கதை சொல்லும்.

வசனமே பிரதானம் என்பவர்களுக்கு ‘சூசரெய்ன்’. 2020இல் பெர்லினைச் சேர்ந்த சிறு குழு ஒன்று வெளியிட்டது. துப்பாக்கி பிடிக்கும் வேலை கிடையாது. சார்ட்லாந்து என்ற கற்பனைக் குடியரசின் புதிய அதிபராக 1954இல் நாற்காலியில் உட்காருகிறீர்கள். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், கஜானா காலி, சிறுபான்மையினர் உரிமை கேட்கிறார்கள், வீட்டில் மனைவிக்கும் தனக்கென்று ஒரு பொதுவாழ்க்கை வேண்டும். சுமார் 4 லட்சம் ஆங்கிலச் சொற்கள் என்பதால் வாசிப்புப் பழக்கம் இல்லாத பிள்ளை பாதியில் விட்டுவிடும். அரசியல் அறிவியல் எடுத்திருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மொபைலிலும் ஆடலாம்.

எப்படித் தேடுவது என்று பலரும் கேட்கிறார்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் மாற்று வரலாறு என்ற குறிச்சொல் இருக்கிறது, அதை அழுத்தினால் பெரிய பட்டியல் வரும். அந்தக் குறிச்சொற்களை ஆடுபவர்களும் சேர்க்கலாம் என்பதால் கலப்படம் நிறைய. நான் மதிப்பெண்ணை விட்டுவிட்டு நீளமாக எழுதிய எதிர்மறை விமர்சனங்களைத்தான் வாசிப்பேன். "படிக்கப் படிக்க முடிவே இல்லை, எழுத்து அதிகம்" என்று ஒருவர் குறைபட்டிருந்தால் அங்கே கதை இருக்கிறது என்று அர்த்தம். வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பாரடாக்ஸ் கேம்களில் அடிப்படை கேமின் விலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. விரிவாக்கங்களைத் தனித்தனியாக விற்கிறார்கள், மொத்தமாகக் கூட்டினால் தலைசுற்றும். முதலில் அடிப்படை கேமை மட்டும் வாங்குங்கள். மோட்கள் இலவசம்.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் ஆடத் தொடங்கும் பிள்ளையிடம் நாடுகள் நிஜ வரலாற்றுப்படி நடக்கட்டும் என்ற செட்டிங்கை முதல் ஆட்டத்தில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நடந்தது என்ன என்று தெரிந்த பிறகுதான் நடக்காதது ருசிக்கும். ‘தி நியூ ஆர்டர்’ என்ற மோடைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. நாஜிகள் ஜெயித்த உலகில் 1962இல் தொடங்குகிறது. எழுத்து பிரமாதம், நாஜி ஆட்சியின் கொடூரத்தை மறைப்பதும் இல்லை. அதனாலேயே கொஞ்சம் வயது வந்த மனம் வேண்டும். கேமைவிட அதைச் சுற்றி நடக்கும் அரட்டைதான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளை யாரோடு சேர்ந்து ஆடுகிறது, எந்தக் குழுவில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மீம் கேமுக்குள்ளிருந்து வரவில்லை, குழுவிலிருந்து வந்தது.

நம் பிள்ளைகளை இழுக்கும் இன்னொன்று, இடைக்கால அரச வம்சம் ஒன்றை நடத்தும் ‘குருசேடர் கிங்ஸ் 3’. காரணம் எளிது, அதில் சோழர்கள் இருக்கிறார்கள். 2020இல் வெளியானபோது வரைபடம் கடாரம்வரை நீளவில்லை என்ற ஏமாற்றம் என் மாணவர்கள் பலருக்கும் உண்டு. வரைபடம் முழுக்கப் புலிக்கொடி நிறத்தை அடித்து முடிப்பதுதான் எல்லாருக்கும் முதல் ஆசை. ஆனால் இந்த கேமின் உயிர் நிலத்தைப் பிடிப்பதில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது. அரசருக்குக் குணங்கள் உண்டு. இரக்கமுள்ளவரைக் கொண்டு கொடுமை செய்யவைத்தால் மன அழுத்தம் ஏறி உடைந்துபோவார். மகன்களுக்குள் பங்காளிச் சண்டை, வாரிசு யார் என்ற பயம். 1066இல் ஆட்டத்தைத் தொடங்கினால் சோழ நாட்டில் அது வீரராஜேந்திரன் காலம். நிஜ வரலாற்றில் இன்னும் நான்கே ஆண்டுகள். 1070இல் அவர் இறந்து, மகன் அதிராஜேந்திரன் கொஞ்ச காலமே ஆண்டு மறைய, கீழைச் சாளுக்கிய வழியில் வந்த முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். எவ்வளவு பெரிய முடிச்சு! பாடப்புத்தகத்தில் இரண்டே வரி.

முதலில் சொன்ன அந்த மாணவன் இப்போது பிளஸ் ஒன். நான் கொடுத்த பழக்கத்தின்படி நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் தான் ஆடியது என்று எழுதுகிறான். அவன் ஆட்டத்தில் அதிராஜேந்திரன் முப்பது வருடம் ஆண்டுவிட்டான். வலப்பக்கம் இரண்டு தாள் நிரம்பியிருந்தது. போன வாரம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், எடது பக்கம் எழுத ஒண்ணுமே கெடைக்கல. அதிராஜேந்திரன் நெஜமா எப்படித்தான் செத்தாரு?"

வரலாற்றாசிரியர்களிடையே அதில் ஒருமித்த முடிவு இல்லை என்றேன். அப்படியென்றால் யார் யார் என்னென்ன சொல்கிறார்கள் என்று கேட்டான். நூலகச் சாவியை எடுத்துக்கொண்டு அவனோடு நடந்தேன்.