இழப்பீட்டுக்கு 3 ஆண்டுக் கெடு: மனு எந்த மேசையில் கிடக்கிறது?

உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாள் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கிழிந்துவிடக் கூடாது என்று லேமினேஷன் வேறு செய்திருந்தார். சங்கிலிப் பறிப்பின்போது கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் அவர். முதல் தகவல் அறிக்கை என்று அவர் நம்பிய அந்தத் தாள் வெறும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்ததற்கான ஒப்புகைச் சீட்டு. "ஆள் பிடிபடட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே காவல் நிலையத்தில் இரண்டரை ஆண்டுகளைக் கடத்தியிருந்தார்கள்.

அப்படிக் காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. குற்றவாளி இன்னாரெனத் தெரியாமல் நீதிமன்ற விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக அரசின் இழப்பீட்டைக் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357-ஏ பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன.

பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018ஆம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டத்தில், குற்றம் நடந்த நாளிலிருந்தோ வழக்கு விசாரணை முடிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆள் சிக்காத வழக்கில் விசாரணை ஏது? ஆகவே குற்றம் நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்து, எண் போட்ட சீட்டையும் வாங்கிக்கொண்டு, கெடுவுக்குள் விண்ணப்பித்துவிட்டதாக நிம்மதியாக இருப்பார்கள். அந்த மனுவோ காவல் நிலையத்துக்குப் போய், "நடவடிக்கையில் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு முடிந்திருக்கும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வாங்காமல் படியிறங்காதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டியது காவல் நிலையத்தின் கடமை. அதோடு ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணையுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்கலாம்.

கெடு தாண்டிவிட்டதென்று கவுண்ட்டரிலேயே திருப்பி அனுப்பினால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதைத் தனி மனுவாக எழுத்தில் கேட்க வேண்டும். படுக்கையில் கிடந்த மாதங்களுக்குச் சிகிச்சைத் தாள்களே சாட்சி.

மனு வந்த இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழு விசாரித்து முடிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில்தான் இருக்கிறது, படிக்க ஆள்தான் இல்லை. வழங்கிய தொகை குறைவென்று பட்டால், உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். எனவே தபால் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, உறையைப் பத்திரமாக வைத்திருங்கள்.