சப்அக்யூட் கம்பைன்ட் டீஜெனரேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

வைட்டமின் பி12 குறைபாட்டில் தண்டுவடம் கெடுவதற்கு மருத்துவர்கள் எழுதும் பெயர் இது. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு ராயபுரத்துக்கோ தண்டையார்பேட்டைக்கோ திரும்புகிற ஒருவரின் சீட்டில் இந்தப் பெயர் இருந்தால் வீட்டில் யாருக்கு என்ன புரியும்? அகராதியைப் பார்த்து 'துணைத்தீவிர ஒருங்கிணைந்த சீரழிவு' என்று சொன்னால் பயம்தான் கூடும்.

லண்டன் மருத்துவர்கள் ரஸ்ஸல், பேட்டன், காலியர் மூவரும் 1900-ல் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பெயர் நிலைத்தது. அப்போது வைட்டமின் என்ற சொல்லே கிடையாது, பி12-ஐப் பிரித்தெடுத்ததே 1948-ல். கோபால்ட், வைட்டமின் இரண்டையும் ஒட்டித்தான் 'கோபாலமின்' என்று அதற்குப் பெயர் வந்தது, ஏனென்றால் அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது.

'சப்அக்யூட்' என்பது வேகம். பக்கவாதம் மாதிரி திடீரென்று அடிக்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே வரும். 'கம்பைன்ட்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது: தண்டுவடத்தின் பின்தடம், பக்கத்தடம் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன. கால் எங்கே, எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது பின்தடம். அது கெட்டால் பாதம் மரத்து, தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்பார்கள், கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுவார்கள், இருட்டில் நடக்கப் பயப்படுவார்கள். மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுபோவது பக்கத்தடம். அது கெட்டால் கால் விறைத்து வலு இழக்கும். 'டீஜெனரேஷன்' சிதைவு. நரம்பிழையைச் சுற்றியுள்ள மையலின் உறையைப் பராமரிக்க கோபாலமின் வேண்டும், அது இல்லாமல் உறை வீங்கிப் பிரிகிறது, அப்படியே விட்டால் இழையும் அழிகிறது.

அதனால் 'தண்டுவட இருதடச் சிதைவு' என்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். எங்கே, எத்தனை, என்ன என்பது பெயரிலேயே வந்துவிடும். வேகத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் முன்னால் 'படிப்படியான' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, காசிமேட்டு மீனும் ஈரலும் சாப்பிடுகிற வீட்டில் இது எப்படி வரும்? சௌகார்பேட்டையில் பால், தயிர் தவிர வேறு வழியில்லாத சைவக் குடும்பங்களுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் சாப்பிட்டால் மட்டும் போதாது. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் கூட வந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி பி12-ஐ ஒழுங்காக உறிஞ்சும். அந்தப் புரதம் சுரக்காதவர்கள், வருஷக்கணக்கில் சுகருக்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரையும் போடுகிறவர்கள் எல்லோருக்கும் குறையலாம். கல்லீரலில் சில வருஷங்களுக்கான இருப்பு இருப்பதால் குறைவது வெளியே தெரியவே நாளாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பி12 குறைவால் வந்த ரத்தசோகைக்கு, ரத்தம் கம்மி என்று ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டுக்கொண்டால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், எல்லாம் சரியானது மாதிரி இருக்கும், உள்ளே தண்டுவடம் கெட்டுக்கொண்டே போகும். ரத்தசோகையே இல்லாமல் நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. கால் மரத்துப்போகிறவருக்கு சுகர் பார்க்கும்போதே பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பாக இருக்கும் பி12 ஊசியைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்களில் பலருக்கு நடை திரும்புகிறது. நாள் கடந்துவிட்டால் முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.