கெக்குக்குள் ஒரு பீப்பாய்

இங்கிலாந்தில் பழைய பப் ஒன்றுக்குள் போய், பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்து ஊற்றும் ஏல் என்ற பீர் வகையைக் கேட்டுப் பாருங்கள். கைக்கு வருவது நாம் பழகிய பீர் மாதிரி இருக்காது. நுரை மெலிந்திருக்கும், நாக்கில் சுருக்கென்று குத்தாது. பானைத் தண்ணீரைவிடக் குளிர்ச்சி, ஃபிரிட்ஜ் தண்ணீரைவிடக் கதகதப்பு. முதல் தடவை குடிக்கிறவர்கள் கேஸ் போன பீரைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது கோப்பையில்தான் மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) பிஸ்கட் வாசனையும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. கேஸ் அதிகமாக இருந்தால் அது கார்பானிக் அமிலமாக நாக்கைச் சீண்டும், குளிர் அதிகமானால் வாசனை எழும்பாது. இரண்டையும் குறைத்தால் மிச்சமெல்லாம் ருசிதான்.

அந்த ருசியை வீட்டில் கொண்டுவர முடியுமா? முடியும். எஃகு கெக் ஒன்று போதும். ஆனால் கெக் என்பது அதிக அழுத்தத்தைத் தாங்கச் செய்த பாத்திரம். அதனிடம் நாம் கேட்பது, கிட்டத்தட்ட அழுத்தமே இல்லாமல் ஒரு பீரை வாரக்கணக்கில் காப்பாற்றித் தரச் சொல்லி. வேலை முழுக்க இந்த முரணில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் அதை ஒரு வால்யூம் என்பார்கள். எடையில் ஏறக்குறைய 2 கிராம். கெக்கில் வரும் லாகரில், அதாவது நாம் பழகிய பீரில், சுமார் 2.5 வால்யூம் இருக்கும். பீப்பாய் ஏலில் 1.1 அல்லது 1.2தான். இந்த எண் சும்மா வந்ததில்லை. திரவத்தில் எவ்வளவு வாயு கரையும் என்பது அதன் மேல் அந்த வாயு கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது என்று மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் காட்டினார். 12 டிகிரி செல்சியஸில், தண்ணீருக்கு மேலே ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தில் சுத்தமான கார்பன் டை ஆக்சைடு இருந்தால், கரைவது சுமார் 1.1 வால்யூம். பப்பின் நிலவறையும் 11 முதல் 13 டிகிரிக்குள்தான் இருக்கும். அதாவது பீப்பாய் ஏல், வெளிக்காற்றின் அழுத்தத்தோடு சமாதானமாகிவிட்ட பீர். உள்ளிருந்து தள்ளவும் மாட்டாது, வெளியிலிருந்து எதையும் வாங்கவும் மாட்டாது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பீரின் அழகே இந்தச் சமநிலைதான்.

பப்பில் இதை எப்படிச் செய்கிறார்கள்? ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீரைப் பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். வழக்கமான அளவு ஃபிர்கின், 41 லிட்டர், அதாவது 72 பைன்ட். உள்ளே நொதித்தல் இன்னும் கொஞ்சம் நடக்கும். நிலவறையில் பீப்பாயைப் படுக்க வைத்து, மேலே உள்ள அடைப்பில் ஸ்பைல் என்ற சின்ன மரமுளையை அடிப்பார்கள். முதலில் நுண்துளை உள்ள மென்மையான முளை. மிகுதி கேஸ் அதன் வழியாகக் கசிந்து போகும். அப்புறம் கெட்டியான முளை போட்டு மூடுவார்கள். பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்த்திருப்பார்கள். அதன் புரதத்துக்கு நேர்மின்னேற்றம், ஈஸ்ட்டின் தோலுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். பீப்பாயின் வயிறு புடைத்திருப்பதால் வண்டல் குழாய்க்குக் கீழே தங்கிவிடும்.

பீரை ஊற்ற ஊற்ற அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். ஸ்பைலைத் தளர்த்தினால் காற்று உள்ளே வரும். ஆக்சிஜனும் கூடவே வரும், அசெட்டிக் பாக்டீரியாவும் வரலாம். பானையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் புளிப்பது ஏனோ, இங்கும் அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. மேலே இருந்த கார்பன் டை ஆக்சைடு காற்றோடு கலந்து நீர்த்துப்போவதால் பீரிலிருந்த கேஸும் வெளியேறும். திறந்த பீப்பாய்க்கு ஆயுள் மூன்று நாள். கூட்டம் வருகிற பப்பில் 72 பைன்ட் மூன்று நாளில் தீர்ந்துவிடும். வீட்டில்?

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குப் பீர் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. (தமிழ்நாட்டில் இது சட்டப்படி செய்யக் கூடாத காரியம்.) அங்கே வீட்டில் பீர் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது கார்னி கெக். 19 லிட்டர் பிடிக்கும், ஒல்லியாக, உயரமாக இருக்கும். கடைகளில் குளிர்பானம் ஊற்றுவதற்காகச் செய்தது அது. குளிர்பானக் கம்பெனிகள் பெட்டிக்குள் பை வைத்த சிரப்புக்கு மாறியதும், பழைய கெக்குகள் மலிவாகப் பீர் செய்பவர்களிடம் வந்து சேர்ந்தன. ஒரு கெக்கில் 33 பைன்ட். ராத்திரிக்கு ஒன்றோ இரண்டோ என்றால் மூன்று நான்கு வாரம் ஓடும். மூன்று நாளில் கெடுகிற பீரை மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும்.

முதல் சிக்கல் மூடியிலேயே இருக்கிறது. கார்னி கெக்கின் மூடியை ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்குவதே உள்ளழுத்தம்தான். நமக்கோ அழுத்தம் வேண்டாம். அதனால் பீரை நிரப்பியதும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரிலிருந்து 2 பார் அளவு (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) கேஸை ஒருமுறை அடித்து, மூடி பதிந்ததும் வெளியேற்றிவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்தால் மேலே நின்ற காற்றும் போய்விடும்.

அடுத்தது சர்க்கரை. பீரில் மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கேஸ் உண்டாக்கும். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் கேஸ் இருக்கும். 1.2க்குக் கொண்டுவர, 19 லிட்டருக்கு வெறும் 25 கிராம் சர்க்கரை போதும். நான் முதல் தடவை, பாட்டிலில் அடைக்கிற கணக்கில் 120 கிராம் போட்டுவிட்டேன். பம்பை இழுத்தால் நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் முழுக்க வால்வைத் திறந்து திறந்து கேஸை வடித்துக்கொண்டிருந்தேன். வடிக்கிற கேஸோடு ஹாப்ஸ் வாசனையும் போய்விடுகிறது, அதுதான் வருத்தம்.

வண்டலுக்கு வழி எளிது. கெக்கின் உறிஞ்சுகுழாய் அடிவரைக்கும் போவதால், படிந்த ஈஸ்ட்டை முதலில் இழுத்துவிடும். சிலர் குழாயை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது மிதவைக் குழாய். பீரின் மேல்மட்டத்தில் மிதந்து, தெளிந்த பகுதியிலிருந்தே எடுக்கும். கெக்கை ஒரு வாரம் அறைச் சூட்டில் வைத்துவிட்டு, தனி தெர்மோஸ்டாட் பொருத்திய பழைய ஃபிரிட்ஜில் 12 டிகிரிக்கு மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, ஊற்றுவது. பீரை மேலே ஏற்றும் கைப்பம்புக்கு ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை வாங்கினார். அடிப்படையில் அது ஒரு பிஸ்டன். கைப்பிடியை இழுத்தால் அரை பைன்ட் அளவுக்கு வெற்றிடம் உண்டாகும், பீர் ஏறி வரும். இறுக மூடிய கெக்கிலிருந்து இப்படி இழுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, பீரிலுள்ள கேஸ் பிரியும். ஒரு கட்டத்தில் மூடி தளர்ந்து காற்றும் புகும். இதற்குத்தான் பிரீதர் என்ற கருவி. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். கெக்குக்குள் அழுத்தம் குறைந்ததும் சவ்வு உள்வாங்கும், வால்வு திறக்கும். வெளியேறிய பீரின் கன அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்ததும் மூடிக்கொள்ளும். அரை பைன்ட் பீர் போனால் அரை பைன்ட் வாயு வரும். 19 லிட்டரையும் ஊற்றி முடிக்கச் செலவாகும் கேஸ் சுமார் 36 கிராம்தான்!

பிரீதர் விலை அதிகம் என்பதால் பலர் ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார்கள். நம் அடுப்பங்கரையில் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிற ரெகுலேட்டர் வகைதான் அது. பிரிட்டனில் புரொப்பேன் ரெகுலேட்டர் 37 மில்லிபார் கொடுக்கும், அதாவது வளிமண்டலத்தில் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. 1.1 வால்யூம் 1.14 ஆகும், நாக்குக்குத் தெரியாது. ஆனால் இதை நேராகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் மாட்டவே கூடாது. அறைச் சூட்டில் அந்தச் சிலிண்டருக்குள் 57 பார் இருக்கும். வழக்கமான ரெகுலேட்டரால் முதலில் ஒரு பார் அளவுக்குக் குறைத்து, அதன் பிறகே இதற்குக் கொடுக்க வேண்டும். மூடிய சின்ன அறையில் கேஸ் கசிந்தாலும் ஆபத்து, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

37 மில்லிபார் என்பது 37 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம். கெக்கிலுள்ள பீர் மட்டத்திலிருந்து பம்பின் வாய் அதைவிட உயரத்தில் இல்லையென்றால், யாரும் தொடாமலே பீர் சொட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு தடுப்பு வால்வு போட்டால் சரியாகிவிடும்.

இப்படிச் செய்தால் அது இன்னும் பீப்பாய் ஏல்தானா? 1971இல் தொடங்கிய காம்ரா என்ற பீர் ஆர்வலர் இயக்கம், வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கொடுக்காமல் ஊற்றுவதுதான் அசல் ஏல் என்று இலக்கணம் வகுத்தது. கேஸ் அடித்த கெக் பீர் பப்புகளை நிரப்பிய காலத்தில் அந்தப் பிடிவாதம் தேவைப்பட்டது. பிரீதரையும் அவர்கள் பல ஆண்டுகள் ஏற்கவில்லை, 2018இல்தான் எதிர்ப்பைக் கைவிட்டார்கள். கைவிட்டது சரி என்றே நினைக்கிறேன். அந்த வாயு பீருக்குள் திணிக்கப்படுவதில்லை, மேலே ஒரு போர்வையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

காற்றுக்கு விட்ட பீப்பாயில் இரண்டாம் நாள் ஏலின் ருசி கொஞ்சம் முனை மழுங்கி, மென்மையாக மாறும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மைதான். போர்வைக்கு அடியில் அந்த மாற்றம் வருவதில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் நிறையப் பேர் வருகிற வார இறுதி என்றால் நான் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, வால்வை லேசாகத் திறந்து காற்றுக்கே விட்டுவிடுவேன். மற்ற நாட்களில், பம்பின் குழாயில் முந்தின ராத்திரி முதல் தேங்கிச் சூடேறிய அரை பைன்ட்டைக் கொட்டிவிட்டு, அடுத்த இழுப்பிலிருந்து கோப்பையை நீட்டுவேன்.