வெள்ளைப் பின்னணியில் எழுத்து ஏன் வெளிறுகிறது?

"பரிசோதனையில் என் பார்வை 6/6, அதாவது இயல்பான கூர்மை, என்கிறார்கள். ஆனால் திரையின் வெள்ளைப் பின்னணியில் எழுத்துகள் வெளிறித் தெரிகின்றன. கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் நன்றாக வாசிக்க முடிகிறது. இது என் பிரமையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பிரமையாக இருக்க வேண்டியதில்லை. இதற்குத் தெளிவான ஒளியியல் காரணம் இருக்கிறது.

கருவிழியும் வில்லையும் ஒளியைக் குவித்து விழித்திரையில் பிம்பத்தை விழச் செய்கின்றன என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் உள்ளே நுழையும் ஒளி முழுவதும் குவிந்துவிடுவதில்லை. எந்தக் கண்ணிலும் அதில் ஒரு சிறு பங்கு வழியிலேயே சிதறி, பிம்பத்தின் மீது மெல்லிய வெளிச்சப் போர்வையாகப் படிகிறது. தூசி படிந்த கார்க் கண்ணாடி வழியே சாலை ஓரளவு தெரிந்துகொண்டிருக்கும். எதிரே முகப்பு விளக்கு வந்த கணத்தில் அந்தக் கண்ணாடியே வெளுத்துச் சாலையை மறைத்துவிடும். வெள்ளைத் திரையை வாசிக்கும்போதோ, எழுத்தைச் சூழ்ந்திருக்கும் பின்னணியே முகப்பு விளக்காகிவிடுகிறது.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். பின்னணியின் ஒளிர்வு 100, எழுத்தின் ஒளிர்வு 5, எழுத்துகள் பக்கத்தில் பத்தில் ஒரு பங்கை அடைக்கின்றன என்று கொள்வோம். கண்ணில் புகும் ஒளியில் 20 சதவீதம் சிதறிப் பரவினால், சிதறாத ஒளி 80, 4 எனக் குறைந்து, எல்லா இடத்திலும் சுமார் 18 கூடி, 100க்கு 5 என்றிருந்தது 98க்கு 22 ஆகிறது. அதாவது இருபது மடங்காக இருந்த வேறுபாடு ஏறத்தாழ நாலரை மடங்காகச் சுருங்குகிறது. நிறங்களைத் தலைகீழாக்கினால் பக்கத்தின் மொத்த ஒளியே குறைந்துவிடுவதால் கூடுவது 3 மட்டுமே. வேறுபாடு ஏறத்தாழ பன்னிரண்டு மடங்காக நிலைக்கிறது. கண்ணின் ஊடகம் (ஒளி கடந்துசெல்லும் கருவிழி, வில்லை போன்ற பகுதிகள்) கலங்கியவர்கள் கறுப்பில் வெள்ளை எழுத்தை எளிதாக வாசிப்பதை 1985இல் பார்வை ஆய்வாளர் கார்டன் லெக் குழுவினர் அளந்தே காட்டினர்.

இந்தச் சிதறல் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, இளமையில் அது ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதே எனக்கு வியப்பளிக்கும் கேள்வி. வில்லையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். இவ்வளவு செறிந்த புரதக் கரைசல், முறைப்படி பார்த்தால், பாலைப் போல வெண்மையாக இருக்க வேண்டும். ஆனால் நெருக்கமே அதைக் காப்பாற்றுகிறது. மூலக்கூறுகள் நெருங்கி அடைந்திருப்பதால் அண்டை மூலக்கூறுகளுக்கிடையே ஓர் ஒழுங்கு தானாக உண்டாகிறது. ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சிதறடிக்கும் அலைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ள, முன்னோக்கிச் செல்லும் ஒளி மட்டும் மிஞ்சுகிறது. டெலாய், டார்டியூ ஆகிய இரு ஆய்வாளர்களும் 1983இல் இதைச் சோதனையால் உறுதிப்படுத்தினர். ஆனால் வில்லையின் மையத்திலுள்ள புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உருவானவை. அவை ஒருபோதும் புதுப்பிக்கப்படுவதில்லை. வயது, புற ஊதாக் கதிர், நீரிழிவு போன்றவற்றால் அவை சிதைந்து, ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குத் திரளும்போது ஒழுங்கு குலைந்து சிதறல் பெருகுகிறது. இதுவே கண்புரையின் தொடக்கம்.

புரையில் ஒரு வகை வாசிப்பவரை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. ஸ்டீராய்டு மருந்தை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வரக்கூடிய அது, வில்லையின் பின்னுறைக்குச் சற்று முன்னால், பெரும்பாலும் நடுவில் தோன்றும். வெளிச்சம் கண்பாவையைச் சுருக்குகிறது, அருகில் பார்ப்பதும் சுருக்குகிறது. ஆகவே வெளிச்சமான பக்கத்தை வாசிக்கும்போது ஒளி முழுவதும் அந்தக் கலங்கல் வழியாகவே நுழைய வேண்டியதாகிறது.

கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்து அட்டை கூர்மையை அளப்பதே தவிர, கூசும் ஒளியில் பார்வை எவ்வளவு மங்குகிறது என்பதை அல்ல. அதற்கான சோதனைகள் இருந்தும் வழக்கமான பரிசோதனையில் பெரும்பாலும் இடம்பெறாதது நியாயமில்லை என்பது என் எண்ணம். 6/6 என்ற எண்ணைக் கேட்டு நோயாளி வாயடைத்துப் போகிறார். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியை வாங்குவதும் இதற்கு மருந்தாகாது. கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் கூறியது.

எல்லாமே வில்லையின் குற்றமும் அல்ல. திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைவதால் கண்ணீர்ப் படலம் திட்டுத்திட்டாக உலர்ந்து ஒளியைச் சிதைக்கும். இமைத்தவுடன் சில நொடிகள் எழுத்து தெளிந்தால் கண் வறட்சியைச் சந்தேகிக்கலாம். கருவிழி வீக்கமும் இத்தகைய வெளிறலைத் தரும். அஸ்டிக்மேட்டிசம் (கருவிழி அல்லது வில்லையின் வளைவு சீராக இல்லாத குறை) உள்ள சிலருக்கு நிலைமை நேர்மாறானது: இருண்ட பின்னணியில் கண்பாவை விரிவதால் வெள்ளை எழுத்துகள் கசிந்து படர்கின்றன, அவர்களுக்கு வெள்ளைப் பக்கமே மேல். எழுத்து வெளிறுவதோடு நில்லாமல், வெளிச்சத்தில் கண் வலித்துச் சிவந்தால் கண்ணின் உள் அழற்சியாக இருக்கலாம் என்பதால் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும். வெள்ளைப் பரப்பில் மிதக்கும் நூல்களும் புள்ளிகளும் பெரும்பாலும் கண்ணின் உட்கூழிலுள்ள இழைகள் விழித்திரையில் வீழ்த்தும் நிழல்களே. அவை திடீரெனப் பெருகி, மின்னல் கீற்றுகளும் தோன்றினால் விழித்திரை கிழிந்திருக்கக்கூடும், அன்றைக்கே காட்ட வேண்டும்.