பூசி மூடிய ஓவியங்களும் எரித்த அறையும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் குவாவா என்றொரு பழைய ஊர். 1930களில் அங்கே தோண்டியபோது, மண்ணுக்கடியில் சதுரமான ஓர் அறை கிடைத்தது. அதன் சுவரில் பூச்சுக்கு மேல் பூச்சாக 85 அடுக்குகள். பொறுமையாக ஒவ்வொன்றாய் உரித்துப் பார்த்ததில் 17 அடுக்குகளில் ஓவியம் இருந்தது. மின்னல், மழை, முகமூடி அணிந்த உருவங்கள். வரைந்திருக்கிறார்கள், பூசி மூடியிருக்கிறார்கள், மறுபடி வரைந்திருக்கிறார்கள்.

அந்த அறையின் பெயர் கிவா. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பூர்வகுடிகளான பியூப்ளோ மக்களின் சடங்குக்கூடம். பல கிவாக்களின் தரையில் கையளவுக்கு ஒரு சின்னக் குழி இருக்கும். அதற்குச் சிப்பாப்பு என்று பெயர். முன்னோர்கள் கீழுலகிலிருந்து இந்த உலகுக்கு ஏறி வந்த வழியை அது குறிக்கிறது.

எழுத்தில் எதையும் விட்டுச் செல்லாத மக்களின் சமயம் மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே கூடி வழிபட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், எதைச் செய்வதை நிறுத்தினார்கள் என்று பார்ப்பது.

காலக்கணக்குக்குக் கூரை உத்தரங்கள் கைகொடுக்கின்றன. மழை பொய்த்த வருடத்தில் மரத்தின் வளையம் மெலிந்திருக்கும், நல்ல மழை பெய்தால் பருத்திருக்கும். இந்த வரிசையைப் பொருத்திப் பார்த்து, மரம் வெட்டிய வருடத்தையே சொல்லிவிடலாம். அரிசோனாவின் ஷோ லோவில் கிடைத்த கரிந்த உத்தரம் ஒன்றைக் கொண்டு, நடுவில் அறுபட்டிருந்த வரிசையை 1929இல் இணைத்தார் மரவளைய ஆய்வாளர் ஏ. ஈ. டக்ளஸ். வீடு எப்போது கட்டினார்கள், வறட்சி எப்போது வந்தது, இரண்டையும் ஒரே மரத்துண்டு சொல்கிறது!

நியூ மெக்சிகோவிலேயே உள்ள சாக்கோ பள்ளத்தாக்குக்கு வருவோம். சுமார் கி.பி. 850 முதல் 1150 வரை அங்கே பிரம்மாண்டமான கல் மாளிகைகள் எழுந்தன. பியூப்ளோ போனிட்டோ என்ற ஒன்றில் மட்டும் 600க்கும் மேற்பட்ட அறைகள். 1896இல் அதன் 28ஆம் அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட உருளை ஜாடிகள் கிடைத்தன. உயரமாக, ஒடுக்கமாக, வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஜாடிகள். எதற்கு என்று நூறு வருடத்துக்கு மேல் யாருக்கும் புரியவில்லை. தொல்லியலாளர் பட்ரீசியா கிரவுனும் வேதியியலாளர் ஜெஃப்ரி ஹர்ஸ்ட்டும் அந்த வகை ஜாடிகளின் உடைந்த ஓடுகளைச் சோதித்து, 2009இல் விடை சொன்னார்கள்: கொக்கோ பானம் குடிக்க. அந்தப் பானத்துக்கான விதை தெற்கே வெப்பமண்டல மெசோ அமெரிக்காவிலிருந்து, அதாவது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து, வந்தாக வேண்டும். சாக்கோவில் இருந்த பஞ்சவர்ணக் கிளிகளும் தெற்கிலிருந்தே வந்தன.

இந்தச் சடங்கு எல்லாருக்குமானது அல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு ஜாடிகள் ஒரே அறையில் அடைந்து கிடந்ததே அதற்குச் சாட்சி. சுமார் 1100இல் அந்த அறையை ஜாடிகளோடு எரித்துவிட்டார்கள். தற்செயலான விபத்து அல்ல, சடங்கை முடித்துவைத்த செயல் என்கிறார் கிரவுன். உருளை ஜாடிகளின் காலமும் அதோடு முடிகிறது.

வடக்கே மேசா வெர்டே பகுதியில் நிலைமை வேறு. ஐந்தாறு அறைகளுக்கு ஒரு சிறு கிவா, கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒன்று. 1276 முதல் 1299 வரை நீண்ட பெரும் வறட்சியின்போது அந்தப் பகுதியே காலியானது. வறட்சியோடு சண்டைகளும் சேர்ந்து மக்களை விரட்டின. பலர் ரியோ கிராண்டே பக்கம் போனார்கள். ஆனால் போன இடத்தில் வீட்டுக்கொரு கிவா கட்டவில்லை, பழைய கைப்பிடிக் குவளைகளைச் செய்யவில்லை. செய்யத் தெரியாமல் இல்லை, வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் தொல்லியல் என்னை உலுக்குகிறது. இல்லாத ஒரு குவளை எவ்வளவு பேசுகிறது!

அப்புறம் எழுந்த ஊர்களின் நடுவே பெரிய முற்றம், சுற்றிலும் வீடுகள். கிவாக்கள் குறைந்தன. ஊரே கூடிப் பார்க்கும்படி சடங்கு வெளியே வந்தது. அதே 1300களில் பாறைகளிலும் பானைகளிலும் முகமூடி உருவங்கள் பெருகுகின்றன. அவை கட்சினாக்கள்: மழையையும் மேகத்தையும் கொண்டுவரும் ஆவிகள், முன்னோர்களும் அவற்றில் கலந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் உறவில்லாத குடும்பங்கள் புதிய ஊரில் சேர்ந்து வாழ, இந்த வழிபாடு அவர்களைப் பிணைத்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

1629இல், அரிசோனாவில் வாழும் பியூப்ளோ மக்களில் ஒரு பிரிவினரான ஹோப்பிகளின் அவதோவி ஊருக்கு ஸ்பானியப் பாதிரிகள் வந்தார்கள். அவர்கள் கட்டிய தேவாலயத்தின் பலிபீடத்துக்கு நேர்க்கீழே ஒரு கிவாவை அகழாய்வாளர்கள் கண்டார்கள். கூரை இடியவில்லை, உள்ளே மணல் நிரப்பியிருந்தது. 1680இல் போபே என்ற சமயத் தலைவரின் தலைமையில் பியூப்ளோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியர்களை விரட்டினார்கள்.

ஹோப்பி ஊர்களில் கட்சினாக்கள் இன்றும் வருகிறார்கள். குளிர்காலத்தில் வந்து, ஜூலையில் நீமான் சடங்கு முடிந்ததும் அரிசோனாவின் சான் பிரான்சிஸ்கோ மலைச்சிகரங்களுக்குத் திரும்பிப் போகிறார்கள். முற்றத்தில் ஆடும்போது படம் எடுக்க அனுமதி இல்லை.