துலூஸ் வாத்தும் சென்னை வெயிலும்

பிரான்ஸின் தென்மேற்கே துலூஸ் நகரை ஒட்டிய பண்ணைகளில் உருவான சாம்பல்நிறப் பெருவாத்து இது. இதன் மூதாதை கிரேலாக் என்ற காட்டு வாத்து. அது 3 முதல் 4 கிலோ இருக்கும். நன்கு வளர்ந்த துலூஸ் ஆண் 12 கிலோவரை போகும். வலசை கிளம்புமுன் கொழுப்பு சேர்ப்பது காட்டு வாத்தின் இயல்பு. பறந்து கரைக்க வேண்டிய அந்தக் கொழுப்பை உடம்பிலேயே தேக்கிக்கொள்ளும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவுதான் துலூஸ்.

அலகுக்குக் கீழே மாட்டின் அலைதாடி போலத் தோல் மடிந்து தொங்கும். நெஞ்சில் இன்னொரு மடிப்பு. வயிறு கிட்டத்தட்ட தரையை உரசும். குஞ்சில் இதெல்லாம் தெரியாது. முழு உருவம் வர 3 ஆண்டுகூட ஆகும். ஆகவே தாய்ப் பறவையைப் பார்க்காமல் குஞ்சு வாங்காதீர்கள்.

சென்னையில் முதல் எதிரி வெயில் மட்டுமல்ல, கடற்காற்று கொண்டுவரும் ஈரப்பதமும்தான். வாத்துக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைத் தணிக்கும். காற்றே ஈரமாக இருந்தால் அது சரியாக நடக்காது. மிஞ்சுவது இறகில்லாத கால்கள். அவற்றின் வழியே வெப்பம் இறங்க, நிழலில் கணுக்கால் மூழ்கும் அளவு தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் சுடும். அதைத் திறந்துவிட்டுப் பயனில்லை. காலையிலேயே பிடித்து நிழலில் வையுங்கள். சிறகை உடம்பிலிருந்து விலக்கிவைத்து வாத்து இரைத்தால் உடனே கால்களை நனையுங்கள். கத்திரி வெயிலில் தீவனம் விடியற்காலையும் மாலையும் மட்டும். செரிமானமும் சூட்டைக் கூட்டும்.

வெறும் சிமெண்ட் தரை கூடாது. இந்த எடைக்கு உள்ளங்கால் தேய்ந்து புண்ணாகி, கிருமி புகுந்து கட்டி வைக்கும். மணலோ உமியோ கனமாகப் பரப்புங்கள். குஞ்சுகளுக்கு நயாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் தேவை. பிராய்லர் தீவனத்தை மட்டும் நம்பினால் கால் வளையும்.

கனத்த ஆணுக்குத் தரையில் இணைவது சிரமம், நீந்தும் அளவுக்குத் தொட்டி வேண்டும். ஓர் ஆணுக்கு 2 பெட்டைக்கு மேல் விடாதீர்கள். அடை சுமார் 30 நாள். பெட்டையின் கனத்தில் முட்டை உடையக்கூடும் என்பதால் இன்குபேட்டரே நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் பூஞ்சை பிடிக்கும். அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். அதற்கு வாத்துக் குஞ்சுகள் கோழிக்குஞ்சுகளைவிட விரைவில் சாகும். மூட்டையைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பூஞ்சை வாடை வந்த தீவனத்தை வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு முழுதாகப் போகாது. குப்பையில் கொட்டிவிடுங்கள்.